ஒளித்து வைத்த மகிழ்ச்சி

நல்ல திரைப்படம் எது என்று நம்மை ஒருவர் கேட்டால் நாம் சொல்லும் விடை ஒன்று. அலுத்துச் சலித்த ஒரு மாலைப் பொழுதில் நாம் தேடிச் சென்று பார்க்கும் படம் வேறொன்று. முன்னதைப் பற்றி நண்பர்களோடு விவாதிக்கிறோம். பின்னதைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. முகமூடி அணிந்த வீரன் மதிலேறிக் குதிக்கிறான், ஒருவனாக நின்று பதின்மரை வீழ்த்துகிறான், குதிரையேறி மறைகிறான். கதை முன்பே தெரிந்ததுதான். காட்சிச் சீலை காற்றில் ஆடுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. எனினும் இமை கொட்டாமல் பார்க்கிறோம். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், தெரிந்தவர் எவரேனும் கண்டுவிட்டாரோ என்று சுற்றுமுற்றும் நோக்குகிறோம்.

இந்த வெட்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. குறைந்த பணத்தில் விரைவாக எடுக்கப்பட்ட சண்டைப் படங்களுக்கு, அந்நாளைய வழக்கில் ‘ஸ்டண்ட்’ படங்களுக்கு, நம் நாட்டில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் எஞ்சிய சான்றுகளுள் சில, தமிழன்பர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் புனே நகரத்தில் உள்ளன. அந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் பங்குண்டு. அதைச் சற்றே விரித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

திரைப்படத் துறையில் புனே என்றவுடன் நினைவுக்கு வருவன யாவும் பெருமைக்குரியவை. 1929-ல் கோலாப்பூரில் தோன்றிய பிரபாத் நிறுவனம் 1933-ல் இந்நகருக்கு இடம் பெயர்ந்தது. 1936-ல் அது வெளியிட்ட ‘சந்த் துக்காராம்’ மறு ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. பிரபாத் மறைந்த பின்னர் அதே நிலத்தில் 1960-ல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. லா காலேஜ் சாலையில் உள்ள ஜயகர் பங்களா, அக்காப்பகத்தின் அடையாளமாக நகரத்தார் அறிந்த கட்டடம். 2022-ல் அந்த அமைப்பு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

கலைக் கோயில் என்று போற்றத்தக்க இந்தச் சூழலில், காப்பகத்தின் சேமிப்பில் 1931-ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு மௌனப் படங்கள் இருக்கின்றன. ஒன்று ‘திலேர் ஜிகர்’. மற்றொன்று ‘குலாமி நு பதன்’. இரண்டும் அகர்வால் பிலிம் கம்பெனியின் தயாரிப்புகள். நம் நாட்டில் மௌனப் படக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் முழுமையாகவோ துண்டு துணுக்காகவோ எஞ்சியவை மிகச் சில. அந்த மிகச் சிலவற்றில் ‘திலேர் ஜிகர்’ போன்ற கலப்பற்ற சண்டைப் படம் ஒன்று தப்பிப் பிழைத்திருப்பது வியப்புக்குரியது.

ஜி. பி. பவார் இயக்கிய அந்தப் படத்தின் கதை, நம் பாட்டிமார் சொன்ன கதைகளுக்கு நெடுந்தொலைவில் இல்லை. நல்ல அரசன் ஒருவன் வஞ்சகத்தால் கொல்லப்படுகிறான். குழந்தை இளவரசன் காப்பாற்றப்பட்டு, தான் யார் என்று அறியாமல், தெருவில் கழைக்கூத்தாடியைப் போல வித்தை காட்டிப் பிழைக்கிறான். அவனோடு ஆடிப் பாடும் காதலி, காலம் வரும்போது முகமூடி தரித்து, மீசை ஒட்டிக் கொண்டு, கொடுங்கோலனின் ஆட்களோடு வாட்போர் புரிகிறாள்.

அந்தப் பெண்ணாக நடித்தவர் லலிதா பவார். 1916-ல் நாசிக் மாவட்டத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் கொடிய மாமியாராகவும், 1987-ல் தொடங்கிய ‘ராமாயண்’ தொலைக்காட்சித் தொடரில் மந்தரையாகவும் அவரை நாடு முழுவதும் கண்டது. கூன் விழுந்து, ஒரு கண் சுருங்கி, கைகேயியின் செவியில் நஞ்சு வார்த்த அந்த மூதாட்டி, பதினைந்து வயதில் வாளேந்திய வீராங்கனையாக இருந்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவர் 1998-ல் புனேயில் காலமானார். அவருடைய இளமையின் வேகத்தைக் காட்டும் படச்சுருள் அதே ஊரில் இன்றும் இருக்கிறது.

இந்த முகமூடி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் டக்ளஸ் பேர்பாங்க்ஸ் என்னும் நடிகர் 1920-ல் ‘தி மார்க் ஆப் ஸோரோ’ என்ற படத்தில் நடித்தார். பகலில் சோம்பேறிப் பிரபு, இரவில் முகமூடி அணிந்து ஏழைகளைக் காக்கும் வீரன் என்பது அதன் சாரம். 1924-ல் அவர் நடித்த ‘தி தீப் ஆப் பாக்தாத்’ இந்தியாவில் பெரும் வரவேற்புப் பெற்றது. இவற்றோடு, எடி போலோ போன்றோர் நடித்த தொடர்ப் படங்களும் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் ஓடின. ஓடும் ரயிலிலிருந்து தாவுவதும், கூரைக்குக் கூரை குதிப்பதும் மக்களைக் கவர்ந்தன.

இதைப் பற்றி நமக்கு நம்பகமான சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. 1927-ல் அன்றைய அரசு இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞரான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழுவினர் நாட்டின் பல நகரங்களுக்குச் சென்று, கொட்டகை முதலாளிகளிடமும் கல்வியாளரிடமும் சமூகத் தலைவர்களிடமும் வாக்குமூலம் வாங்கி, 1928-ல் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் திரையிடப்பட்ட படங்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது ‘தி தீப் ஆப் பாக்தாத்’ என்று அவ்வறிக்கை குறிப்பிடுகிறது.

அந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கற்றவர்களுக்குக் குடும்பக் கதை. கல்லாதவர்களுக்குச் சண்டையும் தாவலும் என்று ரசிகர்களை இரு கூறாகப் பிரிக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றியிருந்தது. திரைப்படமே ஒழுக்கத்திற்குக் கேடு என்று கருதிய பெரியோரும் இருந்தனர். காந்தியடிகள் அக்குழுவுக்கு எழுதிய விடையில், தாம் திரைப்படம் பார்த்ததே இல்லை என்றும், அதனால் விளைந்த தீமை கண்கூடு என்றும் தெரிவித்தார். திரைப்படம் முழுமையுமே ஐயத்துக்கு உள்ளாகியிருந்த அந்நாளில், அதன் அடித்தட்டில் வைக்கப்பட்டது சண்டைப் படம். தரை டிக்கெட்டில் அமர்ந்தவர்கள் வெளிப்படையாகக் கைதட்டினார்கள். நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கும் அதே மகிழ்ச்சி இருந்தது; ஆயின் அதை மறைத்துக் கொள்ள வேண்டியிருந்தது.

இனி, தமிழர்களின் பங்கைப் பார்ப்போம். தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான ‘கீசக வத’த்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்று வந்த அவர், படம் பிடிக்கும் கலையின் தொடக்கப் பாடங்களைக் கற்றது புனேயில்தான். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் அங்கே காமிராவைக் கையாளக் கற்றுத் திரும்பி, 1916-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட காலத்தில் தம் படத்தை உருவாக்கினார். அவர் தேர்ந்தெடுத்த கதையையும் எண்ணிப் பாருங்கள். திரௌபதியை அவமதித்த கீசகனைப் பீமன் மற்போரில் கொன்று தீர்க்கும் கதை அது. புராணம் என்ற போர்வை இருந்தமையால் அதைப் பார்க்க எவரும் வெட்கப்படவில்லை.

அடுத்து நினைவுகூரத்தக்கவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டையைச் சேர்ந்த பி. கே. நாகலிங்கம் என்ற அந்த இளைஞர், உடற்பயிற்சியில் தேர்ந்து, உலகப் புகழ் பெற்ற பயில்வான் சாண்டோவின் பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டு பம்பாய் சென்றார். 1920-களின் மௌனப் படங்களில் அவருடைய உடற்கட்டே அவருக்கு அறிமுகக் கடிதமாக இருந்தது. 1923-ல் ‘வீர் பீம்சேன்’ அவருக்குப் பெயர் தேடித் தந்தது. மொழி தெரியாத ஊரில் தமிழ் இளைஞர் ஒருவர் முன்னணி நடிகராக உயர முடிந்தது, அன்றைய படம் பேசாதிருந்த காரணத்தால் என்றால் மிகையாகாது. பின்னர் அவர் இயக்குநராகி, 1930-ல் ‘பேயும் பெண்ணும்’, அதைத் தொடர்ந்து ‘அனாதைப் பெண்’ ஆகிய மௌனப் படங்களைத் தமிழகத்தில் எடுத்தார். 1935-ல் அவர் இயக்கிய ‘மேனகா’ தமிழின் தொடக்க காலச் சமூகப் படங்களுள் முதன்மையானது. வேலை தேடி வெளிமாநிலம் சென்ற தமிழர்களின் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு.

படம் பேசத் தொடங்கியபின் சண்டைப் படத்தின் காலம் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். பாட்டும் வசனமும் கேட்க மக்கள் திரண்டனர். அப்போது அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர்கள் ஜே. பி. எச். வாடியா, ஹோமி வாடியா என்னும் பார்சி சகோதரர்கள். மூத்தவர் முதுகலைப் பட்டம் பெற்றவர், சட்டமும் பயின்றவர், எம். என். ராயின் அரசியல் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர். இவர்கள் 1933-ல் வாடியா மூவிடோன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1908-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தியா வந்து, சர்க்கஸிலும் மேடையிலும் தேர்ச்சி பெற்ற மேரி ஈவான்ஸ் என்ற பெண்மணி ‘நாதியா’ என்னும் பெயரில் இவர்களுடைய நாயகியானார்.

1935-ல் வெளிவந்த ‘ஹண்டர்வாலி’யில் அவர் அநீதியை எதிர்க்கும் இளவரசி. கையில் சாட்டை, கண்ணில் முகமூடி, காலில் நீண்ட பூட்ஸ். படத்தை வாங்க வினியோகஸ்தர்கள் தயங்கியதால் வாடியா சகோதரர்களே வெளியிட்டனர். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. ‘ஹண்டர்வாலி’ என்ற பெயரைச் சூட்டிப் பெல்ட்டும் தீப்பெட்டியும் கடைகளில் விற்றார்கள் என்பர். 1936-ல் ‘மிஸ் பிராண்டியர் மெயில்’ படத்தில் நாதியா ஓடும் ரயில் பெட்டிகளின் மேல் நின்று சண்டையிட்டார். பதிலுக்கு வேறொருவரை நிறுத்தாமல், உயரத்திலிருந்து குதிப்பதையும் ஆளைத் தலைக்கு மேல் தூக்குவதையும் அவரே செய்தார்.

இத்தகைய படங்கள் குறைந்த செலவில் எவ்வாறு முடிந்தன? திறந்த வெளியில் சூரிய ஒளியில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். விளக்குச் செலவு மிச்சம். ஒரு படத்துக்குத் தைத்த உடையும் கட்டிய அரண்மனையும் அடுத்த படத்துக்கும் உதவும். பெரிய சம்பளம் கேட்கும் பாடகர்களுக்குப் பதிலாக மல்லர்களையும் சர்க்கஸ் கலைஞர்களையும் அமர்த்திக் கொள்ளலாம். மகாராஷ்டிர நாட்டில் தாலீம் எனப்படும் மற்பயிற்சிக் கூடங்களுக்குக் குறைவில்லை. புனேயின் பழைய பேட்டைகளில் அவற்றை இன்றும் காணலாம். குதிரையும் நாயும் மோட்டார் காரும் கூட நடிகர் பட்டியலில் சேர்ந்தன. நாதியாவின் குதிரைக்கு ‘பஞ்சாப் கா பேட்டா’ என்றும் காருக்கு ‘ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி’ என்றும் பெயர்.

செலவைக் குறைத்த அதே காரணங்கள் வினியோகத்தையும் விரிவாக்கின. வசனம் குறைவு, உடல் அசைவே மொழி. தன் ஊரை விட்டு வந்து, ஆலையிலோ ராணுவக் கிடங்கிலோ ரயில்வேயிலோ பணிபுரிந்த தொழிலாளிக்கு, சுற்றிலும் பேசப்படும் மொழி பழகுவதற்கு முன்பே, திரையில் நடப்பது முழுமையாகப் புரிந்தது. பம்பாயிலும் புனேயிலும் பல மாகாணத்துத் தொழிலாளர் ஒரே கொட்டகையில் அமர்ந்து, ஒரே இடத்தில் கைதட்டும் வாய்ப்பை அன்று பெரும்பாலும் அளித்தவை இவ்வகைப் படங்களே எனலாம்.

தமிழிலும் இதன் எதிரொலி விரைவில் கேட்டது. 1937-ல் கே. அமர்நாத் இயக்கத்தில் ‘மின்னல்கொடி’ வெளிவந்தது. கே. டி. ருக்மணி நாயகி. உறவினனின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய பெண்ணொருத்தி, இறக்கும் தறுவாயில் இருக்கும் கொள்ளைக்காரன் ஒருவனின் பெயரையும் வேடத்தையும் ஏற்று, செல்வரிடம் பறித்து ஏழைக்கு வழங்குகிறாள். பெண் என்றால் கண்ணீர் சிந்தும் பதிவிரதை என்றே பழகியிருந்த தமிழ்த் திரையில், ஆணுடை தரித்துக் குதிரையேறிய ருக்மணி புதுமையாகத் தோன்றினார்.

மற்றொரு பாலத்தைக் கட்டியவர் பகவான் தாதா. அமராவதியில் 1913-ல் பிறந்து, ஆலைத் தொழிலாளியின் மகனாக வளர்ந்த பகவான், 1938-ல் ‘பஹாதூர் கிசான்’ படத்தின் மூலம் இயக்குநராகி, அடுத்த பத்தாண்டுகளில் சிக்கனமான சண்டைப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். நடிகர்களின் உடைக்கும் உணவுக்கும் கூட அவரே ஏற்பாடு செய்வார். தொழிலாளர் குடியிருப்புகளில் அவருக்கு இருந்த செல்வாக்கு பெரிது. இந்த மராத்திக் கலைஞர் தமிழிலும் படம் இயக்கினார். 1941-ல் வெளிவந்த ‘வனமோகினி’ அவருடையது. எம். கே. ராதாவும் ஈழத்திலிருந்து வந்த தவமணி தேவியும் நடித்தனர். அவர்களுக்கு ஈடாக யானை ஒன்றும் நடித்தது. மராத்தி இயக்குநர், ஈழத்து நடிகை, தமிழ் வசனம், ஹாலிவுட் காட்டுப் படத்தின் சாயல் ஆகிய அத்தனையும் மலிவான ஒரே படத்தில் ஒன்று கூடின.

பின்னர் அதே முகமூடி உயர்ந்த இடத்தையும் அடைந்தது. தேசியக் கவிஞர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவலைத் தழுவி, கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் ‘மலைக்கள்ளன்’ படத்தை எடுத்தார். எம். ஜி. ராமச்சந்திரன் நாயகன், வசனம் மு. கருணாநிதி. ஊரார் அஞ்சும் கள்வனும் ஊரார் மதிக்கும் வணிகனும் ஒருவனே என்பது கதையின் முடிச்சு. அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டில் ஸ்ரீராமுலு நாயுடுவே அதை ‘ஆசாத்’ என்ற பெயரில் திலீப் குமாரை வைத்து இந்தியில் எடுத்தார். பம்பாயிலிருந்து தெற்கே வந்த முகமூடி, கோவையிலிருந்து வடக்கே திரும்பிச் சென்றது. 1960-ல் ‘பாக்தாத் திருடன்’ என்ற தலைப்பில் எம். ஜி. ஆர். நடித்த படம் வந்தபோது, ரங்காச்சாரியார் குழு குறித்து வைத்த பழைய ஆசை தமிழில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

இப்படங்களில் குறையே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. கதைப் போக்கில் தருக்கம் தேடுவது வீண். காட்டுப் படங்களில் பழங்குடி மக்களைக் கோமாளிகளாகவும் காட்டுமிராண்டிகளாகவும் காட்டினார்கள். சிக்கனத்தின் சுமை பெரும்பாலும் நடிகர்களின் உடம்பின் மேல் விழுந்தது. 1942-ல் ‘ஜங்-ஏ-ஆசாதி’ படப்பிடிப்பில், கன்னத்தில் அறையும் காட்சி ஒன்றில் அடி மெய்யாகவே பலமாக விழுந்து, லலிதா பவாரின் முகநரம்பு பாதிக்கப்பட்டது. நெடுநாள் மருத்துவம் செய்தும் இடக்கண் பழைய நிலைக்கு வரவில்லை. நாயகியாக விளங்கியவர் கொடுமைக்காரியாக நடிக்க நேர்ந்ததற்கு அதுவே காரணம். மந்தரையின் சுருங்கிய கண்ணைப் பார்த்து நாம் அஞ்சினோமே, அது ஒப்பனையன்று.

ஆகவே அந்த வெட்கத்திற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் மகிழ்ச்சிக்கும் நியாயம் உண்டு. சட்டமும் அதிகாரமும் அயலார் கையில் இருந்த காலத்தில், கொடுங்கோல் அமைச்சனை ஒரு பெண் சாட்டையால் அடிப்பதைக் கண்டு கைதட்டியவன், கதையை மட்டும் கண்டு கைதட்டவில்லை. கூலியைக் குறைத்த மேஸ்திரியையும், வட்டிக்காரனையும், லாத்தியேந்திய சிப்பாயையும் அவன் அந்தத் திரையில் கண்டிருக்கக் கூடும். தணிக்கை அதிகாரிகள் விடுதலைப் பேச்சை வெட்டி எறிந்தார்கள். மாயாபுரி ராஜ்யத்துக் கொடுங்கோலனை வெட்ட அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. உயர்ந்த படங்கள் பொறுமையைப் போதித்தபோது, நீதி இன்றே கிடைக்கும் என்ற கனவை இரண்டரை மணி நேரத்துக்கு அளித்தவை மட்டமானவை எனப்பட்ட இப்படங்களே.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1942-ல் வாடியா சகோதரர்கள் பிரிந்தனர். ஹோமி, பசந்த் பிக்சர்ஸ் என்ற பெயரில் தம் சாகசப் படங்களைத் தொடர்ந்தார். பரேலில் இருந்த வாடியா மூவிடோன் ஸ்டூடியோவை வாங்கி ராஜ்கமல் கலாமந்திரை நிறுவியவர் வி. சாந்தாராம். புனே பிரபாத்தின் தூண்களில் ஒருவராக இருந்த அதே சாந்தாராம்தான். நாதியாவின் சாட்டை சுழன்ற தளத்தில் கலைப் படங்கள் உருவாயின. பெருமைக்குரிய கலையும் பெயர் சொல்ல வெட்கப்பட்ட கேளிக்கையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இத்தனைக்கும் பின் நாம் இழந்தது என்ன என்று பார்ப்போம். பழைய படச்சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை, எளிதில் தீப்பற்றுவன, வெப்பத்தில் பொடிந்து போவன. அவற்றில் வெள்ளி கலந்திருந்தமையால், ஓடி முடிந்த படங்களை உருக்கி வெள்ளி எடுத்து விற்றவர்கள் உண்டு. பக்திப் படத்தைப் பாதுகாக்கவே ஆளில்லாத நாட்டில் சண்டைப் படத்தை யார் பாதுகாப்பார்? நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. ராஜா சாண்டோவின் ‘பேயும் பெண்ணும்’ இல்லை. ‘அனாதைப் பெண்’ணும் இல்லை. புதுக்கோட்டை இளைஞர் பம்பாய்த் திரையில் எப்படித் தாவினார், எப்படி மார்தட்டி நின்றார் என்பதைக் காண நமக்கு வழியில்லாமற் போயிற்று. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933-ல் வெளியான அப்படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கால் திரையிட இயலாமல் பதிப்பகத்தார் வசம் முடங்கிக் கிடந்தது. அந்த முடக்கமே அதற்குக் காப்பாயிற்று. 1974-ல் அது புனே காப்பகத்தைச் சேர்ந்தது.

அதைக் கொண்டு சேர்த்த பி. கே. நாயர் 1965-ல் காப்பகப் பணியில் சேர்ந்து, 1991-ல் இயக்குநராக ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் ஏறத்தாழ 12,000 படங்கள் சேர்ந்தன. நல்ல படம், கெட்ட படம் என்று தீர்ப்பளிப்பது காப்பாளரின் வேலையன்று என்பது அவர் கொள்கை. எது பிற்காலத்தாருக்குப் பயன்படும் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. ஆகையால் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். அவ்வளவு பாடுபட்டும் இழப்பு நிற்கவில்லை. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில், பிரபாத் படங்கள் உட்படப் பல நைட்ரேட் சுருள்கள் எரிந்து போயின. நாயர் 2016-ல் புனேயிலேயே மறைந்தார்.

ரசனையைப் பற்றிய வெட்கம் பிற்காலத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1974, 75-ஆம் ஆண்டுகளில் புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநராக இருந்த கிரீஷ் கர்னாட், 1980-ல் நாதியாவைப் பற்றி அன்பு ததும்பும் கட்டுரை ஒன்றை எழுதினார். குழந்தைப் பருவத்தில் திரையில் கேட்ட நாதியாவின் அறைகூவலை அதில் நினைவுகூர்ந்தார். நாடகாசிரியராகவும் சிந்தனையாளராகவும் மதிக்கப்பட்ட ஒருவர் தம் உள்ளத்து மகிழ்ச்சியை ஒளிக்காமல் சொன்னபோது, மற்றவர்களுக்கும் துணிவு பிறந்தது.

அக்கல்லூரியில் நடிப்புப் பயின்ற மிதுன் சக்கரவர்த்தியின் வாழ்வில் இந்த இரு உலகங்களும் சேர்ந்தே இருந்தன. 1976-ல் மிருணாள் சென்னின் ‘மிருகயா’ என்ற முதற்படத்திலேயே அவர் தேசிய விருது பெற்றார். 1990-களில் உதகமண்டலத்தில் தங்கி, குறுகிய நாட்களில், குறைந்த செலவில் முடியும் சண்டைப் படங்களில் தொடர்ந்து நடித்தார். சிறு தயாரிப்பாளர்கள் நீலகிரிக்கே வந்து படமெடுத்துச் சென்றனர். வாடியாக்களும் பகவானும் கண்ட சிக்கன வழியே தமிழக மலை நகரொன்றில் மீண்டும் உயிர் பெற்றது. 1998-ல் அவர் நடித்த ‘குண்டா’ என்ற படம் விமரிசகர்களால் இகழப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி மாணவர்களும் படித்த இளைஞர்களும் அதைக் கூடி அமர்ந்து பார்த்து, வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கலாயினர். 2024-ல் மிதுனுக்குத் தாதாசாகிப் பால்கே விருது வழங்கப்பட்டது.

படித்தவர்கள் கைதட்டும்போது ஒன்றை நினைவிற் கொள்வது நல்லது. எள்ளி நகைத்து மகிழ்வது வேறு. மகிழ்ந்து சிரிப்பது வேறு. தரை டிக்கெட்டில் அமர்ந்தவன் நாதியாவைப் பார்த்து எள்ளி நகைக்கவில்லை. அவன் அவளை நம்பினான். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் தூங்கி எழ வேண்டியவன், நான்கணாவைச் செலவிட்டு நம்பிக்கை ஒன்றை வாங்கிச் சென்றான். அந்த நம்பிக்கையை மதியாமல் படத்தின் பிழைகளை மட்டும் எண்ணிச் சிரிப்பது, பழைய வெட்கத்தின் புதிய உருவமே ஆகும்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இதில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. புனே கன்டோன்மென்ட்டிலும் கட்கியிலும், மும்பையிலும், கோலார் தங்கவயலிலும் பழைய குடும்பங்களின் பரண்களில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டுப் புத்தகங்களும், கொட்டகை நோட்டீசுகளும், நடிகர் படங்களும் கிடக்கக் கூடும். எந்தக் கொட்டகையில் எந்தப் படத்தைப் பார்த்தோம், யாரோடு போனோம், டிக்கெட் விலை என்ன என்று சொல்லக் கூடிய முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டால், முதலில் ‘துக்காராம்’, ‘மீரா’ என்றே சொல்வார்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள். குரல் தாழ்ந்து, புன்னகையோடு, சாட்டை வீசிய ஒரு பெண்ணின் பெயரோ மலையுச்சியில் நின்ற ஒரு கள்வனின் பெயரோ வெளிவரும். அந்தப் பெயரையும், அந்தக் கொட்டகையையும், அந்த ஆண்டையும் எழுதி வையுங்கள்; பரணில் கிடைத்த தாளைப் பழைய காகிதக் கடைக்குப் போடாமல் காப்பகத்துக்கு அனுப்பி வையுங்கள்.